பாராளுமன்றமும் நீதிமன்றமும்: இருபத்தோராம் ஷரத்தின் வரலாறு

பிழைப்பு நாடித் தென்னாட்டினின்று வந்த நமக்கு வாழ்வளித்த இந்த ஜபல்பூர் நகருக்குப் பெருமை சேர்ப்பன பல. நருமதையின் இருகரையிலும் நிமிர்ந்து நிற்கும் பளிங்குப் பாறைகள் உண்டு. ராணி துர்க்காவதியின் வீர வரலாறு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் உயர் நீதிமன்றமும் உண்டு. ஆயினும் நாட்டின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இந்நகரின் பெயர் வேறொரு காரணம் பற்றியே பேசப்படுகிறது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் சிவகாந்த் சுக்லா என்பாருக்கும் இடையே நடந்து, 1976-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கே அக்காரணம். மனிதனின் உயிருக்கும் உரிமைக்கும் இறுதிக் காவலர் எவர்? சட்டம் இயற்றும் பாராளுமன்றமா? அச்சட்டத்திற்குப் பொருள் கூறும் நீதிமன்றமா? இவ்வினா அவ்வழக்கில் எழுந்ததைப் போல் கூர்மையாக நம் நாட்டில் வேறெப்போதும் எழுந்ததில்லை.

அவ்வினாவின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வழக்கறிஞர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவரே. எனினும் இருப்புப்பாதை ஊழியர்க்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. பொது விதிகள் என ஒரு நூல் நம்மிடம் உண்டு. அதனைச் சார்ந்து ஒவ்வொரு ரயில்வேயும் வகுத்துக்கொள்ளும் துணை விதிகளும் உண்டு. துணை விதி எதுவும் பொது விதிக்கு முரண்படலாகாது. அவ்வாறே அரசியல் சட்டம் பொது விதி எனலாம். பாராளுமன்றம் இயற்றும் சட்டங்கள் துணை விதிகள் எனலாம். முரண்பாடு உண்டா இல்லையா என்று உரைப்பதற்கு நடுவர் ஒருவர் வேண்டும், அவரே நீதிபதி. இதுவரை எல்லாம் எளிது. ஆனால் அப்பொது விதியையே திருத்தும் அதிகாரமும் பாராளுமன்றத்தின் கையில் இருக்குமாயின் என் செய்வது? சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சொற்றொடர் மாறிய கதை

அரசியல் நிர்ணய சபை கூடிய தொடக்கத்தில், உரிய சட்ட முறையின்றி எவருடைய உயிரையும் சுதந்தரத்தையும் பறிக்கலாகாது என்னும் அமெரிக்க வாசகத்தை ஒட்டியே உரிமைகளின் வரைவு அமைந்திருந்தது. 'உரிய' என்னும் அச்சிறு சொல்லே அமெரிக்க நீதிபதிகளின் வாள். ஒரு சட்டம் முறைப்படி நிறைவேறியதா என்பதோடு நில்லாமல், அது நியாயமானதா என்றும் கேட்க அச்சொல் அவர்களுக்கு இடமளித்தது. ஆனால் அவ்வாள் எப்பக்கமும் வெட்டக்கூடியது. ரொட்டி சுடும் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் கட்டிய வரம்பை, 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சொல்லைக் கொண்டே வெட்டி வீழ்த்தியது.

நம் சபையின் அரசியல் சட்ட ஆலோசகர் பி. என். ராவ் 1947-இன் இறுதியில் அமெரிக்கா சென்று நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டத்தை ஒருசில நீதிபதிகள் தள்ளிவிடுவது மக்களாட்சிக்கு ஒவ்வாது என்பதும், நீதிபதிகளுக்கும் அது தாங்கொணாச் சுமை என்பதும் பிராங்க்பர்ட்டரின் கருத்து. இதன் பின்னரே வரைவுக் குழு பழைய வாசகத்தை நீக்கிவிட்டு, 1946-ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசியல் சட்டத்தைப் பின்பற்றி, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை' என்னும் சொற்றொடரை அமைத்தது. அதுவே இன்றைய 21-ஆம் ஷரத்து.

1948 டிசம்பரில் இது பற்றிச் சபையில் நடந்த விவாதம் படித்து இன்புறத் தக்கது. பழைய வாசகமே வேண்டும் என வாதிட்டவர்களுள் கே. எம். முன்ஷி ஒருவர். புதிய வாசகத்திற்குத் துணை நின்றவர் சென்னையின் புகழ் பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். டாக்டர் அம்பேத்கரோ இருதலைக் கொள்ளியிடைப்பட்ட எறும்பின் நிலையில் நின்றார். ஒரு கட்சியின் வேகத்திற்கு ஆட்பட்டுச் சட்டசபை கொடுஞ்சட்டம் இயற்றாது என உறுதி கூற இயலுமா? இயலாது. ஐந்தாறு நீதிபதிகள் தம் சொந்த விருப்பு வெறுப்புகளை விலக்கிச் சட்டத்தை எடை போடுவர் என உறுதி கூற இயலுமா? அதுவும் இயலாது. இவ்விரு அச்சங்களையும் சபையின்முன் வைத்துவிட்டு, முடிவை அவர் சபைக்கே விட்டார். சபை புதிய வாசகத்தை ஏற்றது. எனினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை போலும். 1949 செப்டம்பரில், கைதானவருக்குக் காரணம் கூறவேண்டும், தடுப்புக் காவலுக்கு ஆலோசனைக் குழுவின் பரிசீலனை வேண்டும் என்பன போன்ற காப்புகளைத் தனி ஷரத்தாக அவரே கொணர்ந்தார். அதுவே 22-ஆம் ஷரத்து.

கோபாலன் வழக்கு

குடியரசு மலர்ந்து ஒரு மாதம் முடியுமுன், 1950 பிப்ரவரி 25-இல், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. மலபாரைச் சேர்ந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அப்பொழுது சென்னை மாநில அரசின் ஆணைப்படி சிறையில் இருந்தார். 1947 டிசம்பர் முதல் சிறைவாசம் அனுபவித்து வந்த அவருக்கு, 1950 மார்ச் 1-ஆம் நாள் புதிய சட்டத்தின் கீழ் மீண்டும் ஓர் ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். நெறிமுறை என்றாலே நியாயமான நெறிமுறை என்றுதான் பொருள் கொள்ளவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் பெரும்பாலோர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 'சட்டம்' என்பது சட்டசபை இயற்றியதே. அதன் நியாயத்தை அளக்க நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை. 'உரிய' என்ற சொல்லைச் சபை தெரிந்தே நீக்கியது என்றனர். காவலில் வைத்த காரணங்களை நீதிமன்றத்திற்கும் சொல்லக்கூடாது எனத் தடுத்த 14-ஆம் பிரிவை மட்டும் தள்ளினர். நெறிமுறையின் பொருள் பற்றி மாறுபட்டவர் நீதிபதி பசல் அலி ஒருவரே. அறிவிப்பு, விசாரணை, நடுநிலையான மன்றம் ஆகியவை இல்லாதது நெறிமுறை ஆகாது என்று அவர் எழுதினார்.

சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். கோவலன் கொலையுண்டது அரசன் ஆணையால்தான். ஆணை பிறப்பிக்கும் அதிகாரமும் பாண்டியனுக்கு இருந்தது. ஆனால் கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்டார் இல்லை. அதிகாரம் உடையவன் இட்ட ஆணை என்பதனாலேயே அது முறையாகிவிடுமா? பசல் அலி கேட்டதும் இக்கேள்வியே.

சங்கம் அமைக்கும் உரிமை

அதே ஆண்டில், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழைச் சென்னை அரசு தன் எல்லைக்குள் நுழையவிடாது தடுத்தது. பொது ஒழுங்கு என்ற பரந்த காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டம் அன்று இடமளிக்கவில்லை எனக் கூறி, உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. உடனே பாராளுமன்றம் 1951 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த முதலாவது திருத்தத்தால் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே திருத்தத்தில், பேச்சுரிமை மீதான தடைகள் 'நியாயமான' தடைகளாய் இருக்கவேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. ஒரு கையால் நீதிமன்றத்திடமிருந்து எடுத்ததை, மறு கையால் வேறு வடிவில் பாராளுமன்றமே கொடுத்தது என்க.

சங்கத்து அன்பர்கள் சிறப்பாக அறியவேண்டிய வழக்கு ஒன்றும் உண்டு. சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கத்தை 1950-இல் அரசு சட்ட விரோதமானது என அறிவித்தது. அச்சங்கத்தின் பொதுச் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற விசாரணைக்கே இடமின்றி, அரசின் மனநிறைவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு ஒரு சங்கத்தைக் கலைப்பது நியாயமான தடையாகாது என 1952 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து சென்று தலைமை நீதிபதியாய் விளங்கிய பதஞ்சலி சாஸ்திரி. அடிப்படை உரிமைகளுக்கு நீதிமன்றம் விழிப்புள்ள காவலனாய் நிற்கவேண்டும் என்று அதில் கூறினார். மக்களின் பிரதிநிதிகள் தேவையென எண்ணி விதித்த தடையை எடைபோடும்போது நீதிபதிக்குத் தன்னடக்கமும் வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கூறினார். காவலும் அடக்கமும் ஆகிய இவ்விரண்டையும் ஒருங்கே வைத்த அத்தீர்ப்பை, நம்மைப் போன்ற சங்கத்தார் மறத்தல் தகாது.

நிலத்தின் வழக்கு

இதுவரை கூறியவற்றால் நீதிமன்றமே எப்போதும் எளியவர் பக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஜமீன்தாரி முறையை ஒழித்து உழவனுக்கு நிலம் வழங்குவோம் என்பது விடுதலைப் போராட்ட காலத்தில் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்கு. அவ்வாக்கை நிறைவேற்ற வந்த பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை, 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. முதலாவது திருத்தத்தின் பெரும்பகுதி இதற்கு விடையாகப் பிறந்ததே. ஒன்பதாம் அட்டவணை ஒன்று அமைத்து, 13 நிலச் சட்டங்களை அதில் சேர்த்து, அவற்றை அடிப்படை உரிமைகளின் பேரால் தள்ளக்கூடாது எனப் பாராளுமன்றம் வேலி கட்டியது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அக்டோபரில் அத்திருத்தம் செல்லும் என ஏற்றது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. பஞ்சாபில் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தார் தொடுத்த கோலக்நாத் வழக்கில், 1967 பிப்ரவரி 27-இல், பதினொரு நீதிபதிகள் ஆறுக்கு ஐந்து எனப் பிரிந்தனர். அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தத்தைப் பாராளுமன்றம் இனிச் செய்யவே இயலாது என்பது தலைமை நீதிபதி சுப்பாராவ் தலைமையில் அறுவர் கண்ட முடிவு. 1971-இல் 24-ஆம் திருத்தத்தால் பாராளுமன்றம் தன் அதிகாரத்தை மீட்டுக்கொண்டது.

இவ்விழுபறி கேசவானந்த பாரதி வழக்கில் உச்சத்தை அடைந்தது. காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த அவ்வழக்கை, பதின்மூன்று நீதிபதிகள் 68 நாள் கேட்டனர். 1973 ஏப்ரல் 24-இல் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு நடுவழி ஒன்றைக் கண்டது. எந்த ஷரத்தையும் பாராளுமன்றம் திருத்தலாம். ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது. வீட்டுக்கு உரியவன் சுவரை இடிக்கலாம், சாளரம் வைக்கலாம். அஸ்திவாரத்தைத் தோண்டினால் அது திருத்தம் ஆகாது, தகர்ப்பே ஆகும் என இதனை விளக்கலாம். தீர்ப்பு வந்த மறுநாளே, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ. என். ராய் தலைமை நீதிபதியாவார் என்று அரசு அறிவித்தது. அம்மூவரும் பதவி துறந்தனர்.

ஜபல்பூர் வழக்கு

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. இரண்டே நாளில், 14, 21, 22 ஆகிய ஷரத்துகளை நிலைநாட்ட எவரும் நீதிமன்றம் செல்லக்கூடாது எனக் குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. தமிழ்நாட்டில் இன்றும் முதியோர் நாவில் வழங்கும் 'மிசா' என்னும் சட்டத்தின்படி நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். பின்னர் ஆராய்ந்த ஷா விசாரணைக் குழு அவர்கள் தொகை 34,988 எனக் கணக்கிட்டது.

சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுக்களோடு உயர் நீதிமன்றங்களை நாடினர். நம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் உள்ளிட்ட ஒன்பது உயர் நீதிமன்றங்கள், காவல் ஆணை சட்டத்திற்கு உட்பட்டதுதானா என்பதையேனும் பார்ப்போம் எனக் கதவைத் திறந்து வைத்தன. அரசு மேல்முறையீடு செய்தது. நெருக்கடி நிலையின்போது ஒருவனைக் காவலர் பகையால் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். தம் வாதப்படி இல்லை என்றே விடையிறுத்தார் அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே.

1976 ஏப்ரல் 28-இல் நீதிபதிகள் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றனர். ராய், பெக், சந்திரசூட், பகவதி ஆகியோரே அந்நால்வர். கன்னா தனித்து நின்றார். 21-ஆம் ஷரத்து எழுதப்படாதிருந்தாலும், சட்டத்தின் ஆதாரமின்றி ஒருவன் உயிரையோ சுதந்தரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் கருத்து. அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரான பெக் தலைமை நீதிபதியானார். கன்னா பதவி துறந்தார்.

இவ்விடத்தே சற்று நின்று எண்ணுதல் நலம். நிலக்கிழாரின் சொத்துக்காகப் பாராளுமன்றத்தோடு மல்லுக்கு நின்ற நீதிமன்றம், சிறைப்பட்டோரின் உடலுக்காக நிற்கத் தவறியது. மறுபுறம் பாராளுமன்றமோ, அதே ஆண்டில் 42-ஆம் திருத்தத்தால், இனி எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என எழுதிக்கொண்டது. காவலர் இருவரும் ஒரே இரவில் உறங்கிய காலம் அது.

இருவரும் விழித்தெழுந்த காலம்

1977-இல் மக்கள் வாக்குச் சீட்டால் ஆட்சியை மாற்றினர். அதன் பின் நிகழ்ந்தவை வியப்புக்குரியவை. 1978 ஜனவரி 25-இல், மேனகா காந்தியின் கடவுச்சீட்டைக் காரணம் கூறாது பறித்த வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம் கோபாலன் வழக்கின் கருத்தைக் கைவிட்டது. நெறிமுறை என்பது நேர்மையும் நியாயமும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜபல்பூர் வழக்கில் அரசின் பக்கம் நின்ற அதே பகவதி. தமிழ்நாட்டு நீதிபதி கைலாசம் இதில் மாறுபட்டார். அவ்வெழுவருள் முர்தாசா பசல் அலியும் ஒருவர். கோபாலன் வழக்கில் தனித்து நின்ற பசல் அலியின் மைந்தர். தந்தையின் தனிக்குரல் மைந்தன் அமர்ந்த மன்றில் நாட்டின் சட்டமாயிற்று.

பாராளுமன்றமும் வாளா இருக்கவில்லை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்தால், எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய ஷரத்துகளின் பாதுகாப்பை நிறுத்தி வைக்கலாகாது என விதித்தது. ஜபல்பூர் வழக்கில் நீதிமன்றம் மூடிய கதவை முதலில் திறந்தது பாராளுமன்றமே என்பதை நாம் மறக்கலாகாது. சொத்துரிமையையும் அதே திருத்தம் அடிப்படை உரிமைகளின் வரிசையினின்று நீக்கிற்று. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில், 42-ஆம் திருத்தம் எழுப்பிய தடைச்சுவரை உச்ச நீதிமன்றம் தகர்த்தது. ஜபல்பூர் தீர்ப்பை முறையாக நீக்கும் பணி மட்டும் 2017 ஆகஸ்டு 24 வரை காத்திருந்தது. அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி அதனை விலக்கினர். அது தவறெனத் தீர்ப்பில் எழுதியவர், அன்று நால்வரில் ஒருவராயிருந்த சந்திரசூட்டின் மைந்தர் டி. ஒய். சந்திரசூட்!

பிற நாட்டு வழக்கம்

பிற நாடுகளும் இச்சிக்கலைத் தத்தம் வழியில் அவிழ்க்க முயன்றுள்ளன. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டப்படி, நீதிமன்றம் பாராளுமன்றச் சட்டத்தைத் தள்ள இயலாது. அது மனித உரிமைக்கு ஒவ்வாது என அறிவிக்க மட்டுமே இயலும். அயல்நாட்டாரை விசாரணையின்றி வரம்பில்லாது சிறைவைத்த சட்டத்தை 2004 டிசம்பரில் அவ்வாறு அறிவிக்கவே, மறு ஆண்டில் பாராளுமன்றம் அதனைக் கைவிட்டு வேறு சட்டம் இயற்றியது. கனடாவில் சில உரிமைகளை மீறியும் சட்டம் செல்லும் எனச் சட்டசபை வெளிப்படையாய் அறிவிக்கலாம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டிலோ இருவர்க்கும் வல்லமை மிகுதி. ஆகவே பொறுப்பும் மிகுதி.

அவ்வல்லமை இணைந்து பயன் தந்ததும் உண்டு. அயல்நாடு செல்வது தனிமனித சுதந்தரத்தில் அடங்கும், சட்டமின்றிக் கடவுச்சீட்டை மறுக்கலாகாது என 1967 ஏப்ரலில் நீதிமன்றம் கூற, அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் கூற, 2002-இல் திருத்தமும் 2009-இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தன. பணியிடத்தில் பெண்களைக் காக்க 1997-இல் விசாகா வழக்கில் வகுத்த நெறிகள் 2013-இல் சட்டமாயின.

இணையாது நின்றதும் உண்டு. 44-ஆம் திருத்தத்தில், தடுப்புக் காவலின் ஆலோசனைக் குழுவைச் செம்மைப்படுத்தவும், குழுவின் கருத்தின்றிக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்தினின்று இரண்டாகக் குறைக்கவும் ஒரு பிரிவு உண்டு. அதனை நடைமுறைப்படுத்தும் நாளைக் குறிக்கும் பொறுப்பு அரசினுடையது. அந்நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அரசுக்குக் கட்டளையிடுமாறு 1981-இல் வேண்டியபோது, அது தன் எல்லைக்கு அப்பாற்பட்டது என உச்ச நீதிமன்றம் ஒதுங்கியது. பாராளுமன்றம் எழுதியதும் உறங்குகிறது. நீதிமன்றமும் எழுப்ப மறுத்தது. இடையில் நிற்பவன் காவலில் உள்ள மனிதன்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நீதிமன்றம் பிழை செய்தபோது பாராளுமன்றம் திருத்தியிருக்கிறது. பாராளுமன்றம் வரம்பு மீறியபோது நீதிமன்றம் தடுத்திருக்கிறது. எவரேனும் ஒருவரிடம் மட்டும் சாவியை ஒப்படைத்திருந்தால், பிழை பிழையாகவே நிலைத்திருக்கும். பாராளுமன்றம் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டும். நீதிமன்றம் தன் தீர்ப்புக்கான காரணத்தை எழுதி வெளியிடவேண்டும். இவ்விரு கடமைகளும் உள்ளவரை குடிமகனுக்கு நம்பிக்கை உண்டு. வாக்கையும் காரணத்தையும் கவனியாத குடிமகனுக்கு எந்தக் காவலனும் பயன்படான்.

தமிழகத்தினின்று நூற்றுக்கணக்கான மைல் கடந்து நாம் இங்கே குடியிருப்பதும், சங்கம் கூட்டித் தமிழ் வளர்ப்பதும், இம்மலரை அச்சிட்டு மகிழ்வதும் எவரும் இட்ட பிச்சையன்று. இந்நாட்டின் எப்பகுதியிலும் வாழவும், சங்கம் அமைக்கவும், கருத்தை வெளியிடவும் 19-ஆம் ஷரத்து தரும் உரிமையும், நம் மொழியைப் பேணிக்காக்க 29-ஆம் ஷரத்து தரும் உரிமையும் நமக்கு உண்டு. ஆண்டுதோறும் இயலும் இசையும் கற்பிக்கும் நம் சங்கம், இவ்வுரிமைகளின் வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கற்பிக்க முன்வருமாக. வாழ்க தமிழ்; வளர்க பாரதம்.